யாருடையதும் அல்லாத பழுது

ஒலியியல் ஆய்வேடு ஒன்றின் முறையியல் இயலைப் புரட்டினால் ஒலிவாங்கியின் வகை இருக்கும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தூரம், பதிவறையின் அமைப்பு, பேச்சாளர்களின் வயது, மாதிரியெடுப்பு வீதம் எல்லாம் இருக்கும். ஒலிவாங்கியிலிருந்து புறப்பட்ட அந்த ஒலி எந்த வழியாக வன்தட்டை வந்தடைந்தது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. வழியில் ஒரு மெய்நிகர் கணினி இருந்ததா, கருவி அதற்கு எவ்வாறு ஒப்படைக்கப்பட்டது, அந்த ஒப்படைப்பு எத்தனை முறை தவறியது, எப்படிச் சீரானது என்பனவற்றை எழுதும் வழக்கம் இந்தியப் பல்கலைக்கழகங்களில் இன்னும் வேரூன்றவில்லை.

இது சிறிய விடுபடல் போலத் தோன்றும். ஆனால் கருவியை மெய்நிகர் கணினிக்கு ஒப்படைக்கும்போது நேரும் பழுதுகளில் ஒரு வகை, ஆய்வாளரின் மாதங்களை விழுங்கிவிட்டு, அவர் பட்டம் பெற்று வெளியேறும் நாளில் அவரது அறிவுடன் சேர்ந்தே மறைந்துவிடுகிறது. இன்னொரு வகை அதைவிடக் கொடியது; அது தரவையே ஓசையின்றித் திரித்துவிடுகிறது. இரண்டையும் 'கணினிப் பிரச்சினை' என்று ஒதுக்கிவைக்கும் பழக்கத்தை ஆய்வுலகம் கைவிட வேண்டும். பழுதறிதல் ஆய்வு முறையியலின் ஒரு பகுதி. அதற்கு ஆய்வேட்டில் இடமும், துறையில் பதிவேடும், நிறுவனத்தில் பதவியும் வேண்டும்.

பிற துறையினருக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினியே மெய்நிகர் கணினி. வெளியே இருப்பது புரவலர். உள்ளே இயங்குவது விருந்தினர். விருந்தினர் காணும் வன்தட்டு, வலையட்டை, திரை யாவும் பெரும்பாலும் பாவனைகளே. விருந்தினர் கேட்பதை இடையிலுள்ள மென்பொருள் புரவலருக்குப் புரியும்படி சொல்லி, விடையைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. கம்பெனிக் காலத்துத் துபாஷியின் வேலை அது. துபாஷி இருக்கும்வரை இரு தரப்பும் ஒன்றன் மொழியை மற்றது அறியாமலே வணிகம் செய்யலாம். ஆனால் துபாஷிக்குப் பெயர் தெரியாத சரக்கை வாங்க இயலாது. வணிகமும் அவர் வேகத்தில்தான் நடக்கும். ஜிபியூ அட்டைகளும் ஆய்வகக் கருவிகளும் அத்தகைய சரக்குகள். அவற்றைப் பாவனை செய்து காட்டுவது நடைமுறையில் இயலாது. எனவே துபாஷியை விலக்கிவிட்டு, உண்மையான கருவியையே விருந்தினர் கையில் கொடுக்கிறார்கள். இதற்குப் பாஸ்த்ரூ என்று பெயர்.

கருத்து புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் 1972இல் வெளியிட்ட விஎம்/370 அமைப்பிலேயே ஒரு கருவியை ஒரே ஒரு மெய்நிகர் கணினிக்கெனத் தனித்து ஒதுக்கும் வழி இருந்தது. லினக்ஸ் கெர்னலில் கேவிஎம் 2007இல் சேர்ந்தது. கருவிகளைப் பாதுகாப்பாக ஒப்படைக்க உதவும் விஎஃப்ஐஓ 2012இல் சேர்ந்தது. அதன் பிறகு சாதாரணக் கணினியிலும் இது எளிதாயிற்று.

ஒப்படைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பிசிஐ கருவிகள் மையச் செயலியைக் கேட்காமலேயே நினைவகத்தைப் படிக்கவும் அதில் எழுதவும் வல்லவை. விருந்தினர் கையிலுள்ள கருவி, புரவலரின் நினைவகத்தில் எழுதிவிட்டால் முழுக் கணினியும் குலையும். அப்படி நேராமல் காவல் காக்கும் வன்பொருள் பகுதிக்கு ஐஓஎம்எம்யூ என்று பெயர். இன்டெல் கணினிகளில் இது விடி-டி எனவும், ஏஎம்டி கணினிகளில் ஏஎம்டி-விஐ எனவும் வழங்கும். பாஸ்த்ரூவில் நேரும் பழுதுகளில் பாதி இந்தக் காவலைச் சுற்றியே நிகழ்கின்றன.

ஒரு மொழியியல் துறையை எண்ணிப் பார்க்கலாம். இந்தியாவின் எந்த மாநிலத்திலும் இருக்கக்கூடிய துறை அது. பேச்சறிதல் மாதிரிகளைப் பயிற்றுவிக்க இரண்டு ஜிபியூ அட்டைகள் கொண்ட வழங்கி ஒன்று வந்திருக்கிறது. இரண்டு திட்டங்கள் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்; இரண்டுக்கும் வெவ்வேறு டிரைவர் பதிப்புகள் தேவை. அதே துறையின் ஒலியியல் ஆய்வகத்தில், பேசும்போது வாயிலிருந்து வெளிவரும் காற்றோட்டத்தையும் ஒலியையும் ஒருங்கே பதியும் பழைய யூஎஸ்பி கருவி ஒன்று இருக்கிறது. ஒலியட்டையைப் போலத் தரவை இடைவிடா ஓட்டமாக அனுப்பும் வகை அது. அதன் அளவுத்திருத்தம் தயாரிப்பாளரின் மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்த மென்பொருளோ விண்டோஸ் 7க்கு மேல் இயங்காது. விண்டோஸ் 7க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. கருவியுடன் வந்த பழைய கணினியும் பழுதாகிவிட்டது. எனவே வழங்கியை இரண்டாகப் பிரிக்கவும் மெய்நிகர் கணினி, பழைய கருவியை உயிருடன் வைத்திருக்கவும் மெய்நிகர் கணினி என்று முடிவாகிறது. பொறுப்பு 'கணினி தெரிந்த' ஓர் ஆய்வு மாணவரின் தலையில் விழுகிறது.

முதலில் வழங்கியின் கதை. விருந்தினர் கணினியில் ஜிபியூ தெரியவில்லை. அறிகுறி இவ்வளவுதான். காரணமோ பலவாக இருக்கலாம். தாய்ப்பலகையின் பயாஸில் ஐஓஎம்எம்யூ அணைந்திருக்கலாம். நேற்றுவரை இயங்கியது, பயாஸைப் புதுப்பித்ததும் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியதால் இன்று நின்றிருக்கலாம். புரவலரின் டிரைவர் முந்திக்கொண்டு அட்டையைப் பிடித்திருக்கலாம். விஎஃப்ஐஓ அதற்கு முன்பே அட்டையைக் கைப்பற்றியிருக்க வேண்டும். அட்டையின் பெரிய நினைவகப் பகுதிக்கு முகவரி ஒதுக்க இடமில்லாமல் போயிருக்கலாம். 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளைக் கருவிகளுக்கு வழங்கும் அமைப்பு பயாஸில் திறந்திருக்க வேண்டும். விருந்தினரின் நினைவகம் முழுவதையும் பாஸ்த்ரூ பூட்டிவைத்துக்கொள்ளும் என்பது தெரியாமல், இருப்பதைவிட அதிக நினைவகம் பங்கிடப்பட்டிருக்கலாம்.

குழுச் சிக்கல் இன்னொன்று. ஐஓஎம்எம்யூ கருவிகளைத் தனித்தனியாகக் காவல் காப்பதில்லை, குழுக்களாகவே காக்கிறது. தம்முள் நேரடியாகப் பேசிக்கொள்ளக்கூடிய கருவிகள் ஒரே குழுவில் அடங்கும். ஜிபியூவும் வன்தட்டின் கட்டுப்படுத்தியும் ஒரே குழுவில் இருந்தால், ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாது. அட்டையை வேறு பொருத்துவாய்க்கு மாற்றிப் பார்ப்பது நேரிய வழி. குழுவைச் செயற்கையாக உடைக்கும் கெர்னல் ஒட்டு ஒன்றும் புழக்கத்தில் உள்ளது. அது சுவரைக் கட்டுவதில்லை. சுவர் இருப்பதாகக் கெர்னலை நம்பவைக்கிறது. பலர் பயன்படுத்தும் பல்கலைக்கழக வழங்கியில் அந்தக் குறுக்கு வழியைக் கையாள்வது பொறுப்பற்ற செயல். அதைக் கையாண்டவர் அதை எழுதியும் வைக்காமல் போனால், அடுத்து வருபவர் இல்லாத சுவரை நம்பிக் குடியிருப்பார்.

எல்லாம் சரியாகி ஜிபியூ தெரிந்த பிறகும் கதை முடிவதில்லை. விருந்தினரை அணைத்து மீண்டும் இயக்கினால் சில அட்டைகள் எழுவதில்லை. தம்மைத் தாமே தொடக்க நிலைக்கு மீட்டுக்கொள்ளும் திறன் அவற்றில் குறைபட்டுள்ளது. முழு வழங்கியையும் அணைத்து எழுப்பும்வரை அவை உறங்கும். இன்னொரு நாள் யாரோ ஒரு புதிய வட்டைப் பொருத்துகிறார்கள். பிசிஐ எண்கள் ஒன்று தள்ளிப் போகின்றன. நேற்று ஜிபியூவுக்கு உரியதாக இருந்த முகவரி இன்று வேறொரு கருவியின் முகவரி. மெய்நிகர் கணினி அறியாமல் புரவலரின் வலையட்டையைப் பிடுங்கிக்கொள்ள, வழங்கி வலையிலிருந்தே மறைந்துவிடுகிறது.

பழுதே அல்லாத பழுதும் உண்டு. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் வகை அட்டைகள் மெய்நிகர் விண்டோஸில் 'பிழை 43' என்று சொல்லி நின்றுவிடும் காலம் ஒன்று இருந்தது. தான் மெய்நிகர் கணினிக்குள் இருப்பதைக் கண்டுகொண்டால் டிரைவர் இயங்க மறுத்தது. எனவே மெய்நிகர் கணினியின் அடையாளத்தை மறைக்கும் வித்தைகள் பரவின. 2021இல் அந்நிறுவனமே 465 வரிசை டிரைவரில் இதற்கு இசைவு தந்தது. அதுவரை உலகெங்கும் எண்ணற்றோர் தங்கள் அமைப்பில் பிழை தேடி இரவுகளைக் கழித்தனர். அவர்கள் தேடிய பிழை அவர்களது கணினியில் இருக்கவில்லை. விற்பனைக் கொள்கையில் இருந்தது.

இந்தப் பட்டியல் காட்டுவது ஒன்றே. ஒவ்வொரு பழுதும் இரண்டு அடுக்குகளின் எல்லையில் நிற்கிறது. பயாஸ் தாய்ப்பலகை நிறுவனத்துடையது. கெர்னல் லினக்ஸ் சமூகத்துடையது. மெய்நிகராக்கம் வேறொரு திட்டத்துடையது. டிரைவர் அட்டை நிறுவனத்துடையது. விருந்தினருக்குள் இருப்பது மாணவருடையது. எவரிடம் சென்று கேட்டாலும், அவரவர் அடுக்கு அவரவர் வரையில் சரியாகவே இருக்கும்.

பல்கலைக்கழகமும் இதே வடிவில்தான் அமைந்திருக்கிறது. வழங்கியை விற்றவரின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வன்பொருளுக்கு மட்டும். கணினி மையம் வலைக்கும் மின்னஞ்சலுக்கும் பொறுப்பு. துறைத் தலைவருக்கு அது திட்டப் பணத்தில் வாங்கிய பொருள். மேற்பார்வையாளருக்கு அது ஆய்வுக்கு வெளியே உள்ள விவகாரம். பழுது யாருடையதும் அல்ல. ஆகவே அது மாணவருடையது. அவர் இழக்கும் மாதங்கள் ஆண்டறிக்கையில் 'முன்னேற்றம் போதாது' என்னும் ஒற்றை வரியாகப் பதிவாகின்றன.

இரண்டாம் வகைப் பழுது, ஒலியியல் ஆய்வகத்தில் நேர்வது, இன்னும் கவலைக்குரியது. அங்கே கருவி தெரிகிறது, மென்பொருள் திறக்கிறது, அலைவடிவமும் திரையில் ஓடுகிறது. எல்லாரும் கைதட்டிவிட்டுப் பதிவைத் தொடங்குகிறார்கள்.

யூஎஸ்பி கருவியை மெய்நிகர் கணினிக்குக் கொடுக்க எளிய வழி, அந்த ஒரு கருவியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. இதில் கருவி உண்மையானது. அது இணைந்திருக்கும் யூஎஸ்பி கட்டுப்படுத்தி பாவனை. துபாஷி முழுதாக விலகவில்லை, வாசலில் நிற்கிறார். விசைப்பலகைக்கும் உரிமச் சாவிக்கும் இது போதும். தொடர் ஓட்டமாக ஒலியை அனுப்பும் கருவிக்குப் போதாமல் போகலாம். யூஎஸ்பியில் ஒலி செல்லும் பரிமாற்ற முறையில், தவறிய பொட்டலம் மறுபடி அனுப்பப்படுவதில்லை. நேரத்துக்கு வராதது வராததுதான். பழைய வேகத்தில் இயங்கும் கருவிகளில் ஒவ்வொரு பொட்டலமும் 1 மில்லி நொடி ஒலியைச் சுமக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வீதத்தில் அது 48 மாதிரிகள். புரவலர் கணினி வேறு வேலையில் ஒரு கணம் ஆழ்ந்துவிட்டால் சில பொட்டலங்கள் தொலையும். எந்த எச்சரிக்கையும் தோன்றாமல் போகலாம்.

1 மில்லி நொடி என்பது ஒலியியலில் அற்பமன்று. லிஸ்கர், ஏப்ரம்சன் என்னும் இருவர் 1964இல் 11 மொழிகளின் வெடிப்பொலிகளை அளந்து, அடைப்பு விடுபடும் கணத்திற்கும் குரல் தொடங்கும் கணத்திற்கும் இடையிலான நேரத்தைக் கொண்டே அவற்றை வேறுபடுத்தலாம் என்று காட்டினார்கள். அந்த 11 மொழிகளுள் தமிழும் இந்தியும் மராத்தியும் உண்டு. அந்த நேரம் மில்லி நொடிகளில் அளக்கப்படுவது. தொலைந்த பொட்டலங்களின் இருபுறமும் ஒட்டிக்கொண்டால் இடைவெளி சுருங்கும். தொலைந்த இடம் பூச்சியத்தால் நிரம்பினால் இல்லாத மௌனம் தோன்றும்.

சந்தாலி மொழியை எடுத்துக்கொள்ளலாம். 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற மொழி அது. 2011 கணக்கெடுப்பின்படி பேசுவோர் 70 லட்சத்துக்கும் அதிகம். முண்டாக் கிளையின் பிற மொழிகளைப் போல அதிலும், சொல்லிறுதியில் குரல்வளை அடைப்புடன் விடுப்பின்றி நிற்கும் மெய்கள் உண்டு. காற்றோட்டம் எங்கே அறுபடுகிறது என்பதே அங்கு ஆய்வுக்கேள்வி. சில பத்துப் பொட்டலங்கள் தொடர்ந்து தொலைந்து, அந்த இடம் பூச்சியத்தால் நிரம்பினால், திரையில் தெரிவதும் காற்றோட்டம் அறுபட்ட ஓர் இடம்தான். நாக்கும் குரல்வளையும் செய்யாத அடைப்பை யூஎஸ்பி செய்திருக்கும். அதை ஆய்வாளர் அளப்பார், சராசரியில் சேர்ப்பார், கட்டுரை வெளிவரும்.

சந்தாலிக்காவது மறுபடி பதிவுசெய்யப் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013இல் தொடங்கிய திட்டம், 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்துவதற்கானது. அத்தகைய மொழியில் 80 வயதுக் கிழவி ஒருவர் கொடுத்த பதிவு மில்லி நொடி மில்லி நொடியாகத் தொலைந்திருந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து அது தெரியவரும்போது திரும்பிப் போய்க் கேட்க ஆள் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

இதற்குத் தீர்வு அரிதானதன்று. ஒரு கருவியை மட்டும் கொடுக்காமல், அது இணைந்துள்ள யூஎஸ்பி கட்டுப்படுத்தி முழுவதையும் பிசிஐ வழியே ஒப்படைத்துவிட்டால், அந்தப் பாவனை அடுக்கு விலகுகிறது. தாய்ப்பலகையிலுள்ள கட்டுப்படுத்தி வேறு கருவிகளுடன் ஒரே குழுவில் சிக்கியிருந்தால், சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் தனி யூஎஸ்பி அட்டையை உரிய பொருத்துவாயில் பொருத்தலாம். விருந்தினருக்கெனச் செயலியின் சில கருக்களைத் தனித்து ஒதுக்கலாம். செய்த பிறகு சோதிக்க வேண்டும். சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்து பார்த்தால், தொலைந்த 1 மில்லி நொடி சரியாக ஓர் அலை. ஓர் அலை முழுதாக மறைந்து இருபுறமும் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கோ காதுக்கோ எதுவும் தெரியாது. 437 ஹெர்ட்ஸ் போன்ற பொருந்தா எண்ணைத் தேர்ந்தால், அதே இழப்பு அலையின் நடுவே முறிவாக வெளிப்படும். 10 நிமிடப் பதிவில் 2 கோடியே 88 லட்சம் மாதிரிகள். அவற்றில் முறிவு தேட ஒரு சிறு நிரல் போதும். முழுச் சோதனைக்கும் அரை நாள்கூட ஆகாது.

பழுதறியும் நெறியை மொழியியல் மாணவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வலி, வளி, வழி என்னும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, ஓர் ஒலி மட்டும் மாறும்போது பொருள் மாறுகிறதா என்று பார்ப்பதே ஒலியனியலின் முதல் பாடம். இரண்டு ஒலிகள் ஒருங்கே மாறினால் எதனால் பொருள் மாறியது என்று சொல்ல முடியாது. பாஸ்த்ரூவிலும் அவ்வாறே. பயாஸ், கெர்னல், டிரைவர் பிணைப்பு, மெய்நிகர் கணினியின் அமைப்பு, விருந்தினரின் டிரைவர் என்று கீழிருந்து மேலே செல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கெர்னல் பதிவை எடுத்துவைக்க வேண்டும். நடைமுறையில் நிகழ்வது வேறு. இணையத்தில் கிடைத்த ஐந்து ஆலோசனைகளும் ஒரே இரவில் செலுத்தப்படுகின்றன. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். தற்செயலாகக் கருவி இயங்கிவிட்டால் ஐந்தும் அப்படியே நிலைத்துவிடுகின்றன. அவற்றுள் தேவையான ஒன்று எது, தேவையற்ற நான்கு எவை, ஆபத்தான ஒன்று எது என்பதை அறிந்தவர் எவருமில்லை.

இதற்கு வரும் மறுப்புகளும் எடைபோடத் தக்கவை. கன்டெய்னர் இருக்கும்போது மெய்நிகர் கணினி எதற்கு என்பது ஒன்று. ஜிபியூவைப் பகிர்வது மட்டுமே நோக்கம் என்றால், பல துறைகளுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் கன்டெய்னர் புரவலரின் கெர்னலையும் அதன் ஜிபியூ டிரைவரையுமே பகிர்ந்துகொள்கிறது. அங்கே இரு திட்டங்களுக்கு வெவ்வேறு டிரைவர்கள் கிடைக்கா. லினக்ஸ் வழங்கியில் விண்டோஸ் 7உம் ஓடாது. மேகக் கணிமையை வாடகைக்கு எடுக்கலாமே என்பது இரண்டாவது. காற்றோட்டக் கருவியை மேகத்தில் செருக முடியாது. மேலும், ஒரு சமூகம் தன் குரலை ஆய்வுக்குக் கொடுக்கும்போது அது பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்னும் நிபந்தனையுடன் கொடுத்திருக்கலாம். வசதிக்காக அந்த வாக்கை மீற இயலாது.

'இது மொழியியலாளரின் வேலையா?' என்பது மூன்றாவது மறுப்பு. நியாயமான கேள்வி. ஆனால் இதைக் கேட்பவர், அது யாருடைய வேலை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்னும் பெயர் 2012இல் உருவாகி, 2019இல் அவர்களுக்கெனத் தனிச் சங்கமே அமைந்தது. ஆய்வாளருக்கும் கணினி மையத்துக்கும் இடையே நிற்கும் அந்த ஆளுக்குப் பெயரும் ஊதியமும் பதவி உயர்வும் வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. இந்தியாவில் அத்தகைய பதவியைக் கலைப்புலத் துறைகளில் காண்பது அரிது.

இங்கே பணம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேசிய மீத்திறன் கணினித் திட்டம் 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்றது. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்தியா ஏஐ திட்டத்தின் ஒதுக்கீடு 10,300 கோடி ரூபாய்க்கும் மேல். 10,000க்கும் அதிகமான ஜிபியூக்கள் என்பது அதன் தொடக்க இலக்கு. அட்டைகளை எண்ணுவதற்கு நாட்டில் ஆள் உண்டு. அட்டை இயங்காத நாளில் கீழிருந்து மேலாக ஐந்து அடுக்குகளைச் சோதிக்கத் தெரிந்தவரை எண்ணுவாரில்லை. துறைகள் ஜெம் தளத்தின் வழியே வழங்கி வாங்கும்போது நினைவகம் எவ்வளவு, அட்டை எத்தனை என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு பொருத்துவாயும் தனி ஐஓஎம்எம்யூ குழுவாகப் பிரிய வேண்டும் என்னும் ஒரு வரியையும் விவரக்குறிப்பில் எழுதினால், ஒருவரின் மூன்று மாதம் மிஞ்சும். ஆனால் அந்த வரியின் தேவையை அறிந்த மாணவர் கொள்முதல் குழுவில் இருப்பதில்லை.

எனவே நான்கு செயல்கள் உடனடித் தேவை. முதலாவது, ஒவ்வோர் ஆய்வகத்திலும் ஒரு பழுதுப் பதிவேடு. தேதி, பயாஸ் பதிப்பு, கெர்னல் பதிப்பு, கருவி இருந்த பொருத்துவாய், அறிகுறி, செய்த ஒற்றை மாற்றம், விளைவு என ஏழு கட்டங்கள் போதும். பலன் தராத மாற்றங்களையும் அதில் எழுத வேண்டும்; அடுத்தவர் அதே சுவரில் முட்டாமல் இருக்க அவையே உதவும். இரண்டாவது, மெய்நிகர் கணினி வழியே பதிவான தரவைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும், ஒப்படைப்பு முறையையும் இழப்புச் சோதனையின் முடிவையும் கூறும் ஒரு பத்தி. புறத்தேர்வாளர்கள் அதைக் கேட்கத் தொடங்கினாலே அது வழக்கமாகிவிடும். மூன்றாவது, சில துறைகளுக்குப் பொதுவாகவேனும் ஒரு நிரந்தரத் தொழில்நுட்பப் பதவி. கொள்முதல் குழுவில் அவருக்கு இருக்கை இருக்க வேண்டும். நான்காவது, அந்தப் பதவி வரும்வரை இவ்வேலையைச் செய்யும் மாணவரின் காலத்தை ஆண்டறிக்கையில் ஆய்வுப் பணியாகவே கணக்கிடுதல்.

முதல் இரண்டுக்கும் எந்த ஒதுக்கீடும் வேண்டியதில்லை. நாளைக் காலையே தொடங்கலாம். துறையில் மெய்நிகர் கணினி வழியே பதிவான ஒலிக் கோப்புகள் இருக்குமானால், அவை பதிவான அதே அமைப்பில் 437 ஹெர்ட்ஸ் ஒலியைப் 10 நிமிடம் பதிந்து பார்ப்பது முதல் வேலை. முறிவு இல்லை என்று தெரிந்தால் அதை ஆய்வேட்டில் ஒரு வரியாக எழுதலாம். இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பேச்சாளர்கள் இன்னும் உயிருடன் இருக்கும்போதே அது தெரியவருவது நல்லது.